வியாழக்கிழமைக் கணக்கு

வியாழன் என்றால் ஐந்தரை மணி.
நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்கும் நேரம்.
பல்கலைக்கழகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில்
சிமென்ட் பெஞ்சு இரண்டு.
ஒன்றுக்கு ஒரு கால் கிடையாது,
செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம்,
ப்ளாஸ்க் நிறையச் சுக்குக் காபி,
கிடார்க்காரன் ஊருக்குப் போய்விட்டதால்
சுருதி சேராத பாட்டு.
இதுதான் என் உத்தியோகம்.

"சம்பளம் யாரு தர்றா?"
வாடகை வாங்கும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா கேட்பார்.
நாசரேத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஐந்நூறு.
தூத்துக்குடியில் கிரேன் ஓட்டுகிறவர் ஆயிரம்.
பெயர் சொல்லாத ஒருவர்
எப்போதாவது முந்நூற்று ஒன்று.
அந்த ஒரு ரூபாயைப் பார்த்தால்
நம் சபைக்காரர் மாதிரித் தெரியவில்லை.

தவசி வந்தது பழத்துக்காக.
புள்ளியியல், உசிலம்பட்டிப் பக்கம்,
மெஸ் பாக்கியால் சாப்பாடு நிறுத்தம்.
ஜெபத்தில் கண் மூட மாட்டான்,
சீப்பில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவான்.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்
நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

போன மாதம் மூன்றாம் வியாழன்
பாட்டுப் புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்கையில் போன்.
"கெத்சியக்கா, அப்பாவப் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கு.
கையெழுத்துப் போடச் சொல்றாங்க.
படிக்க வருது, வெளங்க மாட்டேங்குது."
கூட்டத்தை ஷைலாவிடம் விட்டேன்.
ப்ளாஸ்க் என்னோடே வந்துவிட்டது.
கோரிப்பாளையம் சிக்னலில் ஸ்கூட்டி நின்றது,
மிச்ச தூரம் தள்ளினேன்.

வராந்தா முழுக்கப் பாய்கள்.
தவசியின் அம்மா காபியை வாங்கிப்
பக்கத்துப் பாய்க்காரிக்குப் பாதி ஊற்றினார்.
அவன் மணிக்கட்டில் புதுக் கறுப்புக் கயிறு.
"காலைல பாண்டி கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்க்கா.
நீங்களும் ஒண்ணு சொல்லுங்க.
ரெண்டும் இருக்கட்டும்."

இதற்குப் பதில் உண்டு.
கொடைக்கானல் பயிற்சி முகாமில்
நோட்டில் எழுதி அடிக்கோடே போட்டிருக்கிறேன்.
டெட்டால் வாடையில் ஒரு வரியும் வரவில்லை.
"ஆண்டவரே, செல்லையாவோட காலு..." என்று தொடங்கி
அதற்கு மேல் போகத் தெரியாமல் நின்றேன்.
"ஆமா சாமி" என்று
அவன் அம்மாதான் முடித்துவைத்தார்.

மாத அறிக்கைப் படிவத்தில்
கூட்டங்கள் எத்தனை, வந்தோர் எத்தனை, புதியோர் எத்தனை.
மூன்றாம் வாரத்தில் பேனா நின்றது.
ஷைலாவைக் கேட்டேன்.
ஏழு பேர், இரண்டு பாட்டு, மழை.
அப்படியே எழுதினேன்.
பிற செலவுகள்: வண்டி நிறுத்தப் பத்து ரூபாய்.

நேற்று வந்தான், ப்ளாஸ்க்கைத் திருப்பித் தர.
கழுவித்தான் இருந்தது,
மூடிக்குள் இன்னும் ஆஸ்பத்திரிக் கஞ்சி வாசம்.
"முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு.
ஆளு இருக்கார்க்கா."
பெஞ்சில் செங்கல் பக்கமாக உட்கார்ந்தான்.
பாடவில்லை, எழுந்து போகவும் இல்லை.
கேட்காமல் இரண்டு பழம் எடுத்துக்கொண்டான்.

பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன்.
"கருப்புக்குக் கிடா நேந்துருக்கு, ஆடியில வெட்டணும்.
உங்க சாமிக்கு என்னக்கா பாக்கி?"
"ஒண்ணுமில்ல."
"ஒண்ணுமில்லன்னா?"
"பாக்கியே கெடையாதுடா."
நின்றுவிட்டான்.
மெஸ் மேனேஜரையும் கந்துக்காரனையும்
ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு வந்தவன்.
முகம் கோபம் மாதிரி ஆனது.
"காசு வாங்காத கடையில
நாங்க எதுவும் வாங்க மாட்டோம்க்கா."

நான் வாயைத் திறப்பதற்குள்
உசிலம்பட்டி பஸ் வந்துவிட்டது.
ஓடி ஏறினான்,
ஒரு கையில் பழம்,
ஒரு கையால் சில்லறைக்குப் பையைத் தடவியபடி.